கப்பல் வாங்கித் தந்த சிநேகிதம்

(முன்னாள் மாணவர், வணிகவியல் துறை, 1981–84, விழுப்புரம்)

நமது சந்திப்பு மலருக்கு மறைந்த பெரியவர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை தர வேண்டும் என்று மலர்க் குழுவினர் அன்புக் கட்டளை இட்டார்கள். வணிகவியல் படித்தவன், கடை வைத்திருப்பவன் என்பதால், தொழில் நடத்திய ஒருவராக இருந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். எனக்கு யோசிக்க நேரமே தேவைப்படவில்லை. வ.உ.சிதம்பரம் பிள்ளை அவர்களைப் பற்றி எழுதுகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன்.

வ.உ.சி. என்றால் கோவைச் சிறையில் செக்கிழுத்த தியாகி என்றுதான் நாம் பள்ளிக்கூடத்தில் படித்தோம். 1961-இல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில், நம்ம விழுப்புரத்தில் பிறந்த சிவாஜி கணேசன் அவர்கள் அந்த வேடத்தில் வந்ததைப் பார்த்துக் கண் கலங்கியவர்கள் நம்மில் நிறைய பேர். அதெல்லாம் சரி. ஆனால் பெரிய முதல் எதுவும் கையில் இல்லாத ஒரு வக்கீல், தனக்கிருந்த ஆள் பழக்கத்தை நம்பி 10 லட்ச ரூபாய் மூலதனத்தில் ஒரு கப்பல் கம்பெனி தொடங்கினாரே, அந்தக் கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை.

இப்போது அதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. நம் சங்கத்தில் ஓராண்டாக ஒரு யோசனை ஓடிக்கொண்டிருப்பது உங்களுக்குத் தெரியும். திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து மல்லாட்டையை நாமே கொள்முதல் செய்து, எண்ணெய் ஆட்டி, நம் பழைய மாணவர்கள் மூலமாகவே ஊர் ஊராக விற்பது. ஆளுக்குக் கொஞ்சம் பங்குப் பணம் போடுவது. சந்திப்பு நாளன்று பிற்பகல் கூட்டத்தில் முடிவெடுக்கப் போகிறோம். யோசனை முழுக்க முழுக்க நம் சிநேகிதத்தின் மேல் நிற்கிறது. சிநேகிதம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று தெரிந்துகொள்ள, வ.உ.சி. அவர்களின் வாழ்க்கையை விட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

நம்ம ஊர் வழியாகப் போன ரயில்

தூத்துக்குடிக்கும் நமக்கும் என்னப்பா சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போகிறவர்கள் செங்கல்பட்டு, திண்டிவனம், விழுப்புரம், மாயவரம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை என்று ரயிலில் தூத்துக்குடி போய், அங்கேதான் கப்பல் ஏற வேண்டும். விருத்தாசலம் வழியான கார்டு லைன் அப்போது கிடையாது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகே கொழும்புப் பயணம் தனுஷ்கோடிப் பக்கம் திரும்பியது. ஆக, நம்ம பக்கத்து ஆட்கள் இலங்கைக்குப் பிழைக்கப் போனாலும் சரி, வியாபாரத்துக்குப் போனாலும் சரி, தூத்துக்குடி கப்பல்தான் கதி. வ.உ.சி. அவர்கள் சென்னைக்கு வந்து போன ரயிலும் நம் இரண்டு ஊர் பிளாட்பாரங்களைத் தொட்டுத்தான் போயிருக்கிறது.

பழக்கம் என்ற முதல்

அவர் பிறந்தது 1872 செப்டம்பர் 5, ஒட்டப்பிடாரத்தில். தந்தை உலகநாத பிள்ளை வக்கீல். தாயார் பரமாயி அம்மாள். தாலுகா அலுவலகத்தில் கொஞ்ச நாள் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, திருச்சியில் சட்டம் படித்து, 1895-இல் ஒட்டப்பிடாரத்திலேயே தொழில் தொடங்கினார். ஏழைகளின் வழக்கை எடுத்து நடத்துபவர் என்று பேர் வாங்கினார். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கம்பெனி தொடங்கியது 1906-இல். ஆனால் அதற்கான முதலை அவர் அதற்கு முன்பே, பத்துப் பதினோரு வருடமாக, தனக்கே தெரியாமல் சேர்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் தொழிலில் கட்சிக்காரர்கள் பழக்கம். துறைமுக ஊரில் குடியிருந்ததால் வியாபாரிகள் பழக்கம். சைவ சித்தாந்த சபை, தமிழ் இலக்கியம் என்று ஈடுபட்டதால் படித்தவர்கள் பழக்கம். காங்கிரஸ் ஈடுபாட்டால் வெளியூர்த் தலைவர்கள் பழக்கம். இதில் எதையும் கப்பல் வாங்கப் பயன்படும் என்று அவர் தேடிப் போகவில்லை. அதனால்தான் பிறகு போய்க் கேட்டபோது ஒவ்வொருவரும் நம்பினார்கள்.

நேராகக் கப்பலில் கால் வைக்கவும் இல்லை. சுதேசி இயக்கம் வங்காளத்திலிருந்து பரவியபோது தூத்துக்குடியில் சுதேசிப் பிரச்சார சபை, தருமசங்க நெசவுச் சாலை, தேசியப் பண்டகசாலை என்று ஊரளவில் சின்னச் சின்னதாகச் செய்து பார்த்தார். சுதேசிப் பேச்சை மேடையோடு விடாமல் நடத்திக் காட்டுகிற மனுஷர் என்பது அதிலேதான் ஊருக்குத் தெரிந்தது.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி என்ற வெள்ளைக்காரக் கம்பெனி அன்று தூத்துக்குடி–கொழும்பு கடலைத் தன் கையில் வைத்திருந்தது. அதை எதிர்த்து 1906 அக்டோபர் 16-இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவானது. பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். ஆசியாக்காரர்கள் மட்டுமே பங்கு வாங்கலாம் என்று விதி.

யார் யார் வந்தார்கள் என்று பாருங்கள். தலைவராகப் பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். மதுரையில் 1901-இல் தமிழ்ச் சங்கம் நிறுவியவர். அங்கே பாலம் போட்டது தமிழ்ப் பற்று. ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளுக்கு 2 லட்சம் ரூபாய் போட்டார். அது துறைமுகத்து வியாபாரப் பழக்கம். சட்ட ஆலோசகர்களில் ஒருவர் சேலம் விஜயராகவாச்சாரியார். அது வக்கீல் தொழிலும் காங்கிரசும் கொடுத்த உறவு. சென்னையில் பாரதியார் தன் இந்தியா பத்திரிகையில் இந்தக் கம்பெனிக்காக எழுதினார். ஒரே சாதி, ஒரே மதம், ஒரே ஊர் என்று இருந்திருந்தால் இந்தப் பணம் சேர்ந்திருக்காது. வெவ்வேறு கூட்டத்தில் இருந்த, தங்களுக்குள் அதிகம் பழக்கமில்லாத பெரிய மனிதர்களை இணைத்த ஒரே ஆள் வ.உ.சி. அவர் தனக்கு வைத்துக்கொண்டதோ உதவிச் செயலாளர் பதவி.

இன்னொரு முயற்சியோடு ஒப்பிட்டால் இதன் பெருமை புரியும். 1884-இல் வங்காளத்தில் கவி ரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் ஜோதிரிந்திரநாத், வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போட்டியாகக் குல்னாவுக்கும் பாரிசாலுக்கும் இடையே நீராவிப் படகு விட்டார். கட்டணப் போட்டியில் நஷ்டப்பட்டு நிறுத்தினார். அங்கே இறங்கியது ஒரு குடும்பத்துப் பணம். தூத்துக்குடியில் இறங்கியதோ பல பேர் பணம். அதனால் அடி விழுந்தாலும் பங்கிட்டுக்கொள்ள ஆள் இருந்தது.

கப்பல் வந்த கதை

முதலில் சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாயின் ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி நெருக்குதல் கொடுக்க, ஷா லைன் கப்பலைத் திரும்ப எடுத்துக்கொண்டது. கம்பெனி இருக்கிறது, கப்பல் இல்லை! வ.உ.சி. கொழும்புக்கு ஓடிப் போய் வேறொரு கப்பலை வாடகைக்குப் பிடித்து வந்து நிலைமையைச் சமாளித்தார். இனிமேல் இரவல் உதவாது என்று பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது மகன் நோயில் படுத்திருந்தான், மனைவியார் கர்ப்பமாக இருந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். போனால் கப்பலோடுதான் திரும்புவேன் என்பது அவர் பிடிவாதம்.

பம்பாயில் அவருக்குக் கை கொடுத்தவர் திலகர். எஸ்.எஸ். காலியா கப்பல் வாங்கப்பட்டது. பிரான்சுக்கு ஆளனுப்பி எஸ்.எஸ். லாவோ என்ற இன்னொரு கப்பலும் வாங்கினார்கள். 1907 மே மாதம் தூத்துக்குடியில் காலியா வந்து நின்றபோது ஊரே திருவிழாவானது. ஒரு கப்பலில் 1,300 சாதாரணப் பயணிகளும் 4,000 மூட்டை சரக்கும் போகலாம்.

பிறகு நடந்த கட்டணச் சண்டை எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெள்ளைக்காரக் கம்பெனி ஆளுக்கு ஒரு ரூபாய் என்று குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணா ஆக்கியது. உடனே அவர்கள், இலவசமாகவே வாங்க, கூடவே ஒரு குடையும் தருகிறோம் என்றார்கள். இலவசத்தை எதிர்த்து ஒரு கம்பெனி எத்தனை நாள் நிற்கும்? கட்டணம் கொடுத்து ஏறிய ஜனங்கள் இருந்தார்களே, அவர்கள்தான் நிறுத்தினார்கள். கடை வைத்திருக்கிற எனக்கு அதன் அருமை தெரியும்.

ஆள் போனதும்

வ.உ.சி. கப்பலோடு நிற்கவில்லை. 1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது சுப்பிரமணிய சிவா அவர்களோடு சேர்ந்து முன்னே நின்றார். கூலி உயர்வு கிடைத்தது. அரசியல் வேண்டாம், கப்பலை மட்டும் கவனித்தால் போதும் என்ற எண்ணம் கம்பெனிக்குள்ளேயே சிலருக்கு இருந்தது. அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. போட்ட பணம் அவர்களுடையது. ஆனால் அந்த அரசியல் இல்லாவிட்டால் அந்தக் கம்பெனியே இல்லை. இந்த இழுபறி தீர்வதற்கு முன்பே சர்க்கார் தீர்த்து வைத்துவிட்டது. மார்ச் 12-இல் கைது. மறுநாள் திருநெல்வேலியில் பெருங்கலவரம். ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே இரண்டு ஆயுள் தண்டனை, 40 ஆண்டு, விதித்தார். தீர்ப்பைக் கேட்ட அதிர்ச்சியில் தம்பி மீனாட்சிசுந்தரத்துக்குச் சித்தம் கலங்கிப் போனது. கடைசி வரை தெளியவில்லை. மேல்முறையீட்டில் தண்டனை ஆறு ஆண்டாகக் குறைந்தது. கோவையிலும் கண்ணனூரிலும் கழித்தார். கோவையில்தான் அந்தச் செக்கு.

கம்பெனி என்ன ஆயிற்று? உடனே மூழ்கவில்லை, மூன்று வருடம் தள்ளாடியது. 1911-இல் கலைக்கப்பட்டு, கப்பல்கள் போட்டிக்காரர்கள் கைக்கே போயின. எந்தக் கம்பெனியை எதிர்த்துக் கப்பல் வாங்கப்பட்டதோ, அந்தப் பக்கமே போய்ச் சேர்ந்தது.

சர்க்கார் கைவைத்த பிறகு எந்தக் கம்பெனி நிற்கும் என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனாலும் என் மனதில் படுவது ஒன்று. ஜமீன்தாரிடமும் போய், சேட்டிடமும் போய், பம்பாய்க்கும் போய்ப் பேசக்கூடிய ஆள் ஒருவரே. அந்த ஒருவரை உள்ளே தள்ளியதும், மற்றவர்களை ஒருவரோடொருவர் கட்டி வைத்திருந்த கயிறு அறுந்துவிட்டது. அவரைப் பிடித்தால் போதும் என்பது சர்க்காருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

1912 டிசம்பர் 24-இல் விடுதலையாகி வெளியே வந்தபோது அந்தப் பழைய வட்டம் சிதறிக் கிடந்தது. பாண்டித்துரைத் தேவர் 1911-இலேயே மறைந்துவிட்டார். திலகர் மாண்டலே சிறையில். பாரதியார் 1908-லிருந்து பாண்டிச்சேரியில், அதாவது விழுப்புரத்திலிருந்து கிளை ரயிலில் கொஞ்ச நேரப் பயணத்தில், பிரெஞ்சு எல்லைக்குள். வக்கீல் சன்னது பறிபோயிருந்தது. கப்பல் கம்பெனி நடத்தியவர் குடும்பத்தோடு சென்னையில் தங்கி, சில்லறைக் கடை வைத்துப் பிழைக்கப் பார்த்தார். பிறகு கோவையில் ஒரு வங்கியில் வேலை பார்த்தார்.

அப்போது அவர் நினைத்தே பார்த்திராத இடத்திலிருந்து உதவி வந்தது. கடல் கடந்து தென்னாப்பிரிக்காவில் கூலிக்குப் போன நம் தமிழர்கள் அவருக்காகப் பணம் திரட்டி, அங்கிருந்த காந்தியடிகளிடம் கொடுத்திருந்தார்கள். 1915-இல் காந்தியடிகள் இந்தியா வந்ததும் வ.உ.சி. அவருக்கு எழுதினார். கணக்கு விசாரித்து, பல மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, 1916-இல் பணம் கைக்கு வந்தது. 347 ரூபாய் 12 அணா. ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி இதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதியிருக்கிறார். அந்த 12 அணாதான் என்னைத் தொடுகிறது. பெரிய மனிதர் ஒருவர் தூக்கிக் கொடுத்த பணமாக இருந்தால் ரவுண்டாக இருந்திருக்கும். இது பல பேர் முடிச்சை அவிழ்த்துப் போட்ட காசு.

வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். நன்றி மறக்காத வ.உ.சி. தன் மகன் ஒருவருக்கு வாலேசுவரன் என்று பேர் வைத்தார். கோவில்பட்டியில் தொழில் செய்தார், பிறகு தூத்துக்குடிக்குத் திரும்பினார். மெய்யறம், மெய்யறிவு என்று நூல்கள் எழுதினார்; தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். 1936 நவம்பர் 18-இல் காலமானார். இன்று தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பேர்; அது வைக்கப்பட்டது 2011-இல்.

நமக்கு என்ன?

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்ல அனுமதியுங்கள். 1989-இல் விழுப்புரத்தில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்தேன். வாடகை அட்வான்ஸ் ஒரு வகுப்புத் தோழன் கொடுத்தது. முதல் சரக்கு கடனாகக் கிடைத்தது, இன்னொரு தோழனின் மாமா ஒரு வார்த்தை சொன்னதால். முதல் வருடம் வந்த வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் நம் கல்லூரிக்காரர்கள். அன்றே ஒரு நோட்டுப் போட்டு, யார் எதற்கு உதவினார்கள், எவ்வளவு, எப்போது திருப்பினேன் என்று எழுதி வந்தேன். சிநேகிதனிடம் என்னடா கணக்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. கணக்கு இருந்ததால்தான் அந்தச் சிநேகிதம் இன்னும் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

நம் எண்ணெய் யோசனைக்கு நான் ஆதரவு. நம்மில் விவசாயி இருக்கிறார், வங்கியில் ஓய்வு பெற்றவர் இருக்கிறார், மளிகை மண்டி வைத்திருப்பவர் இருக்கிறார், வாத்தியார்கள் ஊர் ஊராக இருக்கிறார்கள். இவ்வளவு பேரைப் பழக்கத்தில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் தப்பு. ஆனால் வ.உ.சி. அவர்களின் வாழ்க்கையைப் படித்த பிறகு கூட்டத்தின் முன் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன்.

முதலாவது, பங்குத் தொகை சின்னதாக இருக்கட்டும். போனால் ஒருவருக்கொருவர் முகம் பார்க்க முடியாத அளவுக்குப் போக வேண்டாம். 25 ரூபாய்ப் பங்கும் 12 அணாவும் நமக்கு வழி காட்டுகின்றன.

இரண்டாவது, மல்லாட்டை கொடுக்கிற விவசாயி, எண்ணெய் வாங்குகிற கடைக்காரர், வங்கி மேலாளர் எல்லோரும் ஒரே ஒருவருக்கு மட்டும் பழக்கமானவர்களாக இருக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே இரண்டு மூன்று பேர் சேர்ந்து போய் அறிமுகமாக வேண்டும். கணக்கு நோட்டு எல்லோரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும். நாளைக்கு அந்த ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால் ஆலை நிற்கக் கூடாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். நமக்காக முன்னே நின்று நடத்துகிறவர் விழுந்தால் அவர் குடும்பத்தை யார் பார்ப்பது என்று இப்போதே எழுதி வைப்போம். லாபத்தில் ஒரு சின்னப் பங்கை அதற்கென்று ஒதுக்குவோம். கப்பல் வந்த அன்று துறைமுகத்தில் கூடிய கூட்டம், அவர் சென்னையில் சில்லறைக் கடையில் உட்கார்ந்திருந்தபோது எங்கே இருந்தது? நம்மைப் பற்றி நாளை யாரும் அப்படிக் கேட்கும்படி நாம் வைக்கக் கூடாது.

பங்குப் படிவங்கள் வரவேற்பு மேசையில் இருக்கும் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். மேலே சொன்ன மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, என் படிவத்தோடு சேர்த்து அவரிடம் கொடுத்துவிட்டேன். படித்துப் பார்த்து, சரியென்று பட்டால் நீங்களும் அதன் கீழே கையெழுத்துப் போடுங்கள். சரியில்லை என்று பட்டால், பிற்பகல் கூட்டத்தில் எழுந்து சொல்லுங்கள்.